கிட்டார் கழுத்தில் லேசான வளைவு இருந்தால் பழுதா?

காரைக்குடியில் வாங்கும் புது கிட்டாரின் கழுத்து துளி வளைந்திருந்தாலும் அது தரச்சோதனையில் தப்பி வந்த சரக்கு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு அண்ணன் எழுதியதைப் பலரும் பகிர்கிறார்கள். அப்படி இல்லை அண்ணே. எஃகுக் கம்பி கிட்டார்களில் கழுத்து லேசாக முன்பக்கம் குழிந்திருப்பதை வேண்டுமென்றேதான் வைக்கிறார்கள், ஏனென்றால் மீட்டிய கம்பி நடுப்பகுதியில்தான் அகலமாக அதிரும், அதற்கு இடம் விடாவிட்டால் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) உரசி ஜிர்ரென்று கேட்கும். இந்த வளைவைக் கூட்டிக் குறைக்கத்தான் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு இருக்கிறது. கிட்டார் கம்பெனியான கிப்சன் 1920களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. இன்னொரு கம்பெனியான ஃபெண்டர் தன் கிட்டார்களுக்குச் சொல்லும் வளைவின் அளவு சுமார் 0.2 முதல் 0.3 மி.மீ.

நீங்களே பார்த்துவிடலாம். சுருதி சேர்த்துவிட்டு, தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள், முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் கை ஒன்று மிச்சம். இப்போது கம்பியே நேர்கோல். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு கனம்வரை இடைவெளி இருந்தால் ஒன்றும் பயமில்லை. கூடுதலாக இருந்தாலும் (நம்ம ஊர் சித்திரை வெயிலில் மரம் அசையாமலா இருக்கும்!) பெரும்பாலும் ட்ரஸ் ராடைக் கொஞ்சம் திருகினால் போதும், அதை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் கடைக்காரரிடம் தாராளமாகச் சண்டை போடலாம்.