ஒரே பத்தி, நான்கு முறை

டிஸ்லெக்சியா (எழுத்தையும் சொல்லையும் வாசிப்பதில் திணற வைக்கும் கற்றல் குறைபாடு) உள்ள குழந்தையிடம் "சத்தமா, வேகமா படி" என்று சொன்னால் பயம்தான் கூடும், வாசிப்பு வராது. தினம் ஒரு புதுப் பாடத்தைத் திணிப்பதை விடுங்கள். 40, 50 சொற்களுக்குள் ஒரு பத்தி போதும். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அது அந்தக் குழந்தைக்கான பத்தி இல்லை. கீழ்வகுப்புப் புத்தகத்தை எடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் நீங்கள் வாசியுங்கள், குழந்தையின் விரல் சொல்லுக்கடியில் நகரட்டும். அடுத்து இருவரும் சேர்ந்து, அதன் வேகத்தில். பிறகு இரண்டு முறை தனியாக. மறுநாளும் அதே பத்தியில்தான் தொடங்க வேண்டும். மொத்தம் 15 நிமிடம், அதற்குமேல் களைத்துவிடும்.

திணறினால் ஐந்து விநாடி பொறுங்கள். வராவிட்டால் சொல்லை நீங்களே சொல்லி, வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்ட வைத்தால், கடைசி எழுத்துக்கு வருவதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகும். "வந்துவிட்டான்" என்பதை "வந்துட்டான்" என்று வாசித்தால் பாயாதீர்கள். பொருள் புரிந்துதான் வாசிக்கிறது.

தமிழ் எழுத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. "கொ"வில் ஒற்றைக்கொம்பு க-வுக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. துணைக்கால் பார்க்க "ர" மாதிரியே இருக்கும். அதனால்தான் "கொடி" சில குழந்தைகள் வாயில் "கெரடி" ஆகிறது. இது கவனக்குறைவு இல்லை, கண்ணில் பட்டதை வரிசையாக வாசிக்கிறார்கள். வெள்ளை அட்டைகளில் க என்ற எழுத்தைக் கறுப்பிலும் கொம்பு, காலைச் சிவப்பிலும் தனித்தனியாக எழுதுங்கள். முதலில் க-வை வைத்து, பிறகு இருபுறமும் சிவப்பு அட்டைகளைச் சேர்த்து "கொ" என்று சொல்ல வையுங்கள். க, ப, ம மூன்றும் பழகட்டும், மற்றவை அப்புறம். இரண்டு சுழி ன-வையும் மூன்று சுழி ண-வையும் ஒரே நாளில் நடத்தவே கூடாது. ஒன்று உறுதியான பிறகே மற்றது.

"விளையாடிக்கொண்டிருந்தார்கள்" போன்ற சொல்லைப் பென்சிலால் விளையாடிக் | கொண்டிருந் | தார்கள் என்று கோடு போட்டுப் பிரியுங்கள். இரண்டாம் வாசிப்பில் கோட்டை அழித்துவிடலாம்.

வாரம் ஒருமுறை, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வந்தது என்று குறித்து வையுங்கள். ஒப்பீடு அந்தக் குழந்தையின் போன வாரக் கணக்கோடு மட்டும், அண்ணன் தங்கையோடு வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா உள்ளிட்ட "குறிப்பிட்ட கற்றல் குறைபாடு" என்ற வகையையும் மாற்றுத்திறன் வகைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் வகுப்பில் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்வது நிற்கவில்லை. நாளை வாசிக்க வேண்டிய மூன்று வரியை இன்றே குறித்துக் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் நான்கு முறை வாசித்துவிட்டு வரட்டும்.