பிழையே இல்லை என்று ஒரு ரிப்போர்ட் வேண்டுமாம்

"எங்கட சிஸ்டத்தில பிழை ஒண்டும் இல்லை எண்டு ஒரு ரிப்போர்ட் எடுத்துத் தர ஏலுமா தம்பி? வெள்ளிக்கிழமைக்கு முதல் வேணும்."

புறக்கோட்டையில் இறக்குமதி வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனம், பாதுகாப்புச் சோதனை செய்ததற்கு அத்தாட்சி கேட்டிருக்கிறது. கோப்பில் வைக்க அவருக்கு ஒரு தாள் வேண்டும். அவரைக் குறை சொல்லி என்ன? எதிக்கல் ஹேக்கிங், அதாவது அனுமதியோடு உள்ளே புகுந்து சோதிப்பது, என்ற பெயரில் கொழும்பில் பெரும்பாலும் விலைபோவதே அந்தத் தாள்தானே.

காசு கொடுத்து ஒரு ஹேக்கரைக் கூப்பிடுகிறீர்கள் என்றால் அவரிடம் ஒரு கேள்வியைக் கொடுங்கள். என் காசு எந்த வழியால் வெளியே போகும்? என்னை நம்பி விவரம் தந்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் எங்கே கசியும்? இந்தக் கேள்வி இல்லாமல் செய்யும் சோதனையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பலர் ஸ்கேன் செய்வதையும் ஊடுருவிப் பார்ப்பதையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். ஸ்கேனர் என்பது ஒரு மென்பொருள். பழைய வெர்ஷன், திறந்து கிடக்கும் போர்ட் (வெளியிலிருந்து கணினியோடு இணையும் வாசல்), போடாமல் விட்ட அப்டேட் என்று பட்டியல் தரும். பிரயோசனமானதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்கு முன்னால் நிறுவனத்தின் லோகோ போட்ட ஒரு அட்டையைச் சேர்த்து, பெனட்ரேஷன் டெஸ்ட் (ஊடுருவிப் பார்க்கும் சோதனை) என்று பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிக்கல் ஹேக்கர் செய்வது வேறு வேலை. உரிமையாளரின் எழுத்து அனுமதியோடு, திருடன் செய்வதையே தானும் செய்து பார்த்து, உள்ளே போன வழியைப் படிப்படியாக எழுதித் தருபவர் அவர்.

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இணையத்தில் ஓடர் எடுக்கும் ஒரு கடை. சோதிக்க வந்த பிள்ளை தன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, ஒரு சின்னச் சாமான் வாங்கி, தன்னுடைய பில்லைத் திறந்தார். முகவரிப் பட்டையின் கடைசியில் பில் எண் இருந்தது. அதில் ஒன்றைக் குறைத்து என்டர் தட்டினார். தெஹிவளையில் இருக்கும் யாரோ ஒருவரின் பெயர், வீட்டு இலக்கம், தொலைபேசி எண், அவர் வாங்கிய சாமான்கள், எல்லாம் திரையில். இன்னும் ஒன்று குறைத்தால் அடுத்த ஆள். ஸ்கேனர் இதைப் பிழையாகவே காட்டவில்லை. அதன் கண்ணுக்குப் பக்கம் ஒழுங்காகத் திறந்தது, விஷயம் முடிந்தது. பில் யாருடையது, பார்ப்பவர் யார் என்று கேட்க ஒரு மனிதன் வேண்டியிருந்தது. மென்பொருள் செய்து கொடுத்தவர்களிடம் சொன்னபோது வந்த பதில்: "அதை யார் அண்ணன் மாத்திப் பார்க்கப் போறாங்க?"

யார் பார்ப்பார்கள் என்றா கேட்கிறார்கள்? மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021இல் வெளியிட்ட இணையப் பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் முதலாம் இடமே, பார்க்க உரிமை இல்லாதவருக்கும் திறந்து காட்டும் இந்த வகைப் பிழைக்குத்தான். இங்கே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற பதில் அங்கே எடுபடாது.

காசு போகும் வழி என்று சொன்னேன் அல்லவா? 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து ஏறக்குறைய 951 மில்லியன் டொலரை ஹேக்கர்கள் எடுக்கப் பார்த்தார்கள். அதில் 20 மில்லியன் வந்தது இலங்கைக்கு, இங்குள்ள ஒரு அமைப்பின் பெயருக்கு. ஃபவுண்டேஷன் என்பதை எழுத்துப் பிழையோடு அடித்திருந்ததால் இடையில் இருந்த வங்கி சந்தேகப்பட்டுக் கேட்டது, அந்தப் பணம் தப்பியது. பிலிப்பைன்ஸுக்குப் போன 81 மில்லியனில் பெரும்பகுதி போனது போனதுதான். எழுத்துப் பிழையை மட்டும் சொல்லிச் சிரித்துவிட்டு விடுகிறோம். அந்த மத்திய வங்கியில் வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வோலே இருக்கவில்லை, மலிவான பழைய சுவிட்சுகளால் கணினிகளை இணைத்திருந்தார்கள் என்று விசாரணை செய்தவர்கள் சொன்னதாக அப்போது செய்தி வந்தது. சாதாரண அலுவலகக் கணினி ஒன்றிலிருந்து பணம் அனுப்பும் கணினிக்குப் போக முடியுமா? முன்கூட்டியே ஒருவரைப் பிடித்து இந்த ஒரு கேள்வியை மட்டும் கொடுத்திருந்தால் போதும்.

வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்ப உத்தரவு கொடுக்கும் ஸ்விஃப்ட் அறை நம் ஊர் வியாபாரிகளுக்குக் கிடையாது, சரி. ஆனால் சீனாவில் இருக்கும் சப்ளையரின் பெயரில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதற்கு அனுப்புங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் கணக்குப் பிரிவில் என்ன நடக்கும்? ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்கு அழைத்துக் கேட்பார்களா, அல்லது முதலாளி அவசரப்படுத்துகிறார் என்று அனுப்பிவிடுவார்களா? இதையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஏமாந்த ஊழியரின் பெயர் ரிப்போர்ட்டில் வரக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பெயர் வெளியே வந்தால் அடுத்த முறை உண்மையாகவே ஏதாவது நடக்கும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பேக்கப் பற்றியும் ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் சேவையை ரான்சம்வெயார், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் மென்பொருள், தாக்கியது. சுமார் 5000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இல்லாமல் போயின. பேக்கப்பும் அதே தாக்குதலில் மாட்டிக்கொண்டது. உங்கள் சேர்வருக்குள் வந்தவனால் உங்கள் பேக்கப்பையும் தொட முடியுமா? இதைப் பார்க்கப் பெரிய நிபுணர் தேவையில்லை, கேட்கத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

அனுமதி விஷயத்துக்கு வருவோம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி, அதிகாரம் இல்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவதே குற்றம். ஐந்து வருடம் வரை சிறை. நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. ஆகவே எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எந்த நேரத்தில், ஏதாவது உடைந்தால் யாருக்கு அழைப்பது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுபவருக்கு அந்த அனுமதியைக் கொடுக்கும் உரிமை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2019இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், மாநில நீதித்துறை பணித்ததன் பேரில் ஒரு நீதிமன்றக் கட்டடத்துக்குள் இரவில் புகுந்து சோதித்த இருவரை உள்ளூர் ஷெரிஃப் பிடித்து உள்ளே போட்டார். கடிதம் கையில்தான் இருந்தது. ஆனால் கட்டடம் கவுன்டிக்கு, அதாவது மாநிலத்துக்குக் கீழுள்ள மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம்! வழக்கைக் கைவிட அடுத்த வருடம் ஜனவரி ஆனது. இங்கும் உங்கள் இணையத்தளம் வேறொருவரின் சேர்வரில் இருக்கலாம், பில்லிங் மென்பொருள் இன்னொருவருடையதாக இருக்கலாம். அவர்களிடமும் கேளுங்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகுதான் எனக்கு உண்மையில் எரிச்சல் வரும். பலர் அதை அலுமாரியில் பூட்டிவிடுகிறார்கள். பிழைகளைத் திருத்தியபின் அதே ஆள் திரும்ப வந்து பார்ப்பதையும் முதல் விலையிலேயே சேர்த்துப் பேசுங்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை என்றால் நான் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன்.

கேட்காமலே வந்து சொல்லும் பெடியன்கள் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பஸ் மாணவன் ஒருவன் தற்செயலாக ஒரு பிழையைக் கண்டு மின்னஞ்சல் போடுகிறான். பதிலாகப் பொலிஸில் கொடுப்போம் என்ற மிரட்டல் வருகிறது. அடுத்த முறை அவன் வாயைத் திறப்பானா? 2016இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சான பென்டகனே தன் பொது இணையத்தளங்களைச் சோதிக்க வெளியாட்களைக் கூப்பிட்டது. 1400க்கு மேற்பட்டவர்கள் பதிந்தார்கள், 138 உண்மையான பிழைகள் கிடைத்தன, மொத்தச் செலவு ஏறக்குறைய 150,000 டொலர். நம்மிடம் அவ்வளவு காசு இல்லை, வேண்டியதும் இல்லை. பிழை கண்டால் யாருக்கு எழுதுவது, எதுவரை பார்த்தால் வழக்குப் போட மாட்டோம் என்று இணையத்தளத்தில் நாலு வரி போதும். 2022இல் இதற்கென்றே செக்யூரிட்டி டாட் டெக்ஸ்ட் (security.txt) என்ற சின்னக் கோப்புக்குப் பொது வடிவமும் வந்துவிட்டது, பத்து நிமிட வேலை. அந்த முகவரிக்கு வரும் கடிதத்தைச் சட்டத்தரணிக்கு அனுப்புமுன் மென்பொருளைப் பார்ப்பவருக்கு அனுப்புங்கள்.