ஐந்து படத்தில் அண்ணாச்சி

(அரசு நடுநிலைப் பள்ளிக்கு எதிரே ஒரு மளிகைக் கடை. கல்லாவில் அண்ணாச்சி. துவரம் பருப்பு வாங்க வந்து நிற்கிறார் ஓவிய ஆசிரியர்.)

அண்ணாச்சி: வாங்க சார், உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுப்பது ஓவியமா, ஒற்றர் வேலையா?

ஆசிரியர்: ஏன் அண்ணாச்சி?

அண்ணாச்சி: ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, நோட்டு அட்டையில் ஜன்னல் மாதிரி ஓட்டை போட்டு, ஒற்றைக் கண்ணால் கடையை அளக்கிறாள். முகத்தை அட்டை மறைத்ததில் பெற்ற மகளே அடையாளம் தெரியவில்லை. நகராட்சி ஆள்தான் என்று பயந்து, வெளியே கிடந்த மூட்டையை எல்லாம் உள்ளே இழுத்துப் போட்டேன். இன்னும் இடுப்பு நிமிரவில்லை.

ஆசிரியர்: வகுப்புக்கே என் செல்போன் ஒன்றுதான் கேமரா. கையில் கொடுத்தால் ஒரே நிமிடத்தில் நாற்பது படம் எடுத்துத் தள்ளிவிடுவார்கள். அதனால் முதலில் அட்டை. எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்று கண் பழகட்டும்.

அண்ணாச்சி: பழகி என்ன? ஒரு படத்தில் என் கை மட்டும் இருக்கிறது, தலையைக் காணோம். எங்கள் காலத்தில் தலை போனால் ஸ்டுடியோக்காரன் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

ஆசிரியர்: அது க்ளோசப். ஐந்தே படத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும், எழுத்து கூடாது. தூரத்திலிருந்து இடத்தைக் காட்டு, கிட்டே போய் ஆளைக் காட்டு, இன்னும் கிட்டே போய்க் கை என்ன செய்கிறது என்று காட்டு. முகம் நடிக்கும் அண்ணாச்சி, கை நடிக்காது.

அண்ணாச்சி: சரி, கை போகட்டும். கடைசிப் படம்? கல்லாவில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்குகிறேன்!

ஆசிரியர்: அசையாமல் இருந்ததால் தெளிவாக விழுந்துவிட்டீர்கள். 1838இல் பாரிஸில் தாகேர் என்பவர் ஒரு தெருவைப் படம் எடுத்தார். ஒரு படம் பதியப் பல நிமிடம் ஆகும் காலம் அது. வண்டி, குதிரை, நடந்து போனவர்கள் யாருமே பதியவில்லை. பூட்ஸுக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர் மட்டும் விழுந்தார். மனிதர் பதிந்த முதல் புகைப்படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அண்ணாச்சி: பாலிஷ் போட்டவன்?

ஆசிரியர்: அவர் கொஞ்சம் மங்கல்.

அண்ணாச்சி: பார்த்தீர்களா! உழைத்தவன் மங்கல், காலை நீட்டியவன் பளிச்.

ஆசிரியர்: ...

அண்ணாச்சி: என் குறை தூக்கம் இல்லை சார், வரிசை. முதலில் கடை. அப்புறம் ‘கடன் அன்பை முறிக்கும்’ பலகை. அப்புறம் கடன் நோட்டில் எழுதும் என் கை. அப்புறம் அரிசி மூட்டை மேல் பூனை. கடைசியில் நான். என் மச்சான் பார்த்துவிட்டு, ‘கடன் கொடுத்துக் கொடுத்தே மனுஷன் கவிழ்ந்துவிட்டார்’ என்கிறான். அதே தூக்கத்தை முதலில் வைத்து, கையைக் கடைசியில் வைத்தால்? விடியுமுன் எழுந்து கணக்குப் பார்க்கும் உழைப்பாளி!

ஆசிரியர்: ஆகா! இதைத்தான் வகுப்பில் தொண்டை கிழியச் சொல்கிறேன். சுமார் நூறு வருடத்துக்கு முன்னால் ரஷ்யாவில் குலெஷோவ் என்ற சினிமா இயக்குநர் ஒரே நடிகரின் ஒரே முகத்தை சூப் கிண்ணத்தோடு சேர்த்து ஓட்டினார். பார்த்தவர்கள் பசி என்றார்கள். சவப்பெட்டியோடு சேர்த்தார். துக்கம் என்றார்கள். முகம் மாறவே இல்லை.

அண்ணாச்சி: அப்படியானால் பூனைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் நான் தூங்குகிறேன். விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் தியானம்.

ஆசிரியர்: நீங்கள் ஏழாம் வகுப்பில் சேர்ந்துவிடலாம்.

அண்ணாச்சி: அப்போ வரிசையை மாற்றச் சொல்லுங்கள்.

ஆசிரியர்: அது மட்டும் முடியாது. அவள் எடுத்த படம், அவள் முடிவு. வாத்தியார் கை வைத்தால் அது வாத்தியார் கதையாகிவிடும். வெள்ளிக்கிழமை கண்காட்சியில் அப்படியே ஒட்டுகிறோம்.

அண்ணாச்சி: யாரெல்லாம் வருவார்கள்?

ஆசிரியர்: பெற்றோர், தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர்.

அண்ணாச்சி: (தன் போனில் படத்தைப் பெரிதாக்கி) நல்லது. இந்த மூன்றாவது படத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்து நோட்டு எழுத்தெல்லாம் முத்து முத்தாகத் தெரிகிறது. ‘டிராயிங் சார், பாக்கி 1,140.’

ஆசிரியர்: எங்கே? ... அண்ணாச்சி, இந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம் வெட்டினால் படம் இன்னும் எடுப்பாக இருக்கும்.

அண்ணாச்சி: அவள் முடிவு என்றீர்களே?

ஆசிரியர்: எழுத்து கூடாது என்று விதி இருக்கிறதே!

அண்ணாச்சி: அதையும் கேட்டுவிட்டேன். படத்துக்குக் கீழே எழுதத்தான் கூடாதாம், படத்துக்குள்ளே இருந்தால் தப்பில்லையாம். பருப்பு எவ்வளவு சார், ஒரு கிலோவா?

ஆசிரியர்: கால் கிலோ போதும். ரொக்கம்.