நூலகம் எங்கள் தெருவில், வேலை 360 கிலோமீட்டருக்கு அப்பால்

போன வாரம் பேரணாம்பட்டிலிருந்து ஒரு தங்கை போன் செய்தாள். நூலக அறிவியலில் எம்.லிப். முடித்து ஒரு வருடம் ஆகிறது. வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை என்று கை எட்டிய கல்லூரிகளுக்கெல்லாம் பயோடேட்டா கொடுத்துப் பார்த்துவிட்டாள். "அக்கா, திருநெல்வேலிப் பக்கம் ஒரு காலேஜ்ல கூப்புட்டிருக்காங்க. அம்மா அழுதுகினே இருக்காங்க. போவட்டுமா, வேணாமா?"

போ என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த ஒரு சொல்லோடு போனை வைக்க மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் பேசினோம். நூலக அறிவியல் படித்துவிட்டு வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் நம் பக்கம் நிறைய பேர் இருப்பதால், அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் குடியாத்தம். அப்பா லுங்கி நெய்பவர். சாயங்காலம் தறியை நிறுத்தியதும் கிளை நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போவார், என்னையும் கூட்டிப்போவார். நான் பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, "இந்த வேலைக்குன்னே தனிப் படிப்பு இருக்குதும்மா" என்று சொன்னவர் அங்கிருந்த நூலகர் ஐயா. பி.லிப். ஒரு வருடம், எம்.லிப். ஒரு வருடம், இரண்டையும் தபால் வழியில் படித்தேன்.

முதல் வேலை வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தக் கல்லூரியின் பெயர் வேண்டாம். வருகைப் பதிவேட்டில் நான் நூலகர். உட்கார்ந்தது ஆபீஸில், எழுதியது பஸ் கட்டண ரசீது. நூலகத்தைத் திறப்பது ஆய்வுக் குழு வரும்போதுதான். எண்ணிக்கை காட்டுவதற்காக ஒரே தலைப்பில் அறுபது பிரதி வாங்கியிருந்தார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ரேக்கில் அப்படியே நின்றன. படித்த படிப்பில் ஒரு வரி அங்கே எனக்குத் தேவைப்படவில்லை. ஐந்தாவது மாதம் வேலையை விட்டேன். சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க இன்னும் மூன்று மாதம் அலைந்தேன். கையில் டிகிரி சான்றிதழ் இல்லாமல் அந்த மூன்று மாதத்தில் இரண்டு நேர்முகத் தேர்வுகள் கைநழுவிப் போனதை இன்றும் மறக்க முடியவில்லை.

பிறகு கோயம்புத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. காட்பாடியில் கோவை எக்ஸ்பிரஸ் ஏறினால் 360 கிலோமீட்டருக்கு மேல். சம்பளம் முதல் வேலையைவிட இரண்டாயிரம்தான் அதிகம், விடுதி வாடகை அதை விழுங்கிவிடும். ஆனாலும் நான் நூலகரானது அங்கேதான்.

போன முதல் வாரமே அக்சஷன் ரிஜிஸ்டரை என் முன்னால் வைத்தார் எங்கள் தலைமை நூலகர் அம்மா. முப்பது வருடத்துப் புத்தகக் கணக்கு, நான்கைந்து பேர் கையெழுத்தில். அதை ஒவ்வொன்றாக எடுத்து, ரேக்கில் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்து, கோஹா மென்பொருளில் ஏற்றி, பார்கோடு ஒட்டி, முதுகில் அது எந்தத் துறைப் புத்தகம் என்று காட்டும் பகுப்பு எண் லேபிள் ஒட்ட வேண்டும். கோஹா காசில்லாமல் கிடைக்கும் திறந்த மென்பொருள், நியூசிலாந்தில் பிறந்தது. அதைக் கற்றுக்கொண்டதுதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. பகுப்பு எண்ணைப் பாடத்தில் மனப்பாடம் செய்வது வேறு, கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு இது எந்த ரேக்குக்குப் போகும் என்று முடிவெடுப்பது வேறு. புத்தகங்களைத் துறைவாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் நம் தமிழ் இலக்கியம் முழுக்க 894.811 என்ற ஒரே எண்ணுக்குக் கீழே வந்துவிடுகிறது. சங்கப் பாட்டும் அங்கேதான், நேற்று வந்த நாவலும் அங்கேதான். அதற்கு மேல் புள்ளிக்குப் பின்னால் நாம் போடும் எண்களில்தான் ஒரு பிள்ளைக்குப் புத்தகம் கிடைப்பதும் கிடைக்காததும் இருக்கிறது.

ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவன். முதல் மூன்று மாதம் தினமும் வந்து இயற்பியல் ரேக் முன்னால் நின்றுவிட்டுப் போவான், ஒன்றும் எடுக்க மாட்டான். ஒருநாள் பக்கத்தில் போய், "என்ன தேடறே தம்பி?" என்று கேட்டேன். வகுப்பில் சொன்ன புத்தகம் புரியவில்லை, எதைக் கேட்பது என்றும் தெரியவில்லை என்றான். பள்ளியில் படித்த பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தையும், எளிய ஆங்கிலத்தில் இருந்த ஓர் அறிமுக நூலையும் சேர்த்துக் கொடுத்தேன். அதன்பிறகு அவன் தன் வகுப்பிலிருந்து இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். இந்த வேலை எனக்குக் கிடைக்காமலே போயிருக்குமே என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

தனிமை இல்லையா என்றால், இருந்தது. விடுதி வார்டன் அம்மா "சாப்டியா கண்ணு" என்று கேட்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுக் களியும் முள்ளு கத்திரிக்காய்க் குழம்பும் தொண்டையில் வந்து நிற்கும். மே மாதம்தான் கல்லூரி நூலகங்களில் புத்தக இருப்பு சரிபார்ப்பு. வைகாசி முதல் நாள் எங்கள் ஊர்த் திருவிழாவில், கெங்கையம்மன் சிரசு (அம்மன் தலை) ஊர்வலத்தில் ஊரே கூடியிருக்க, நான் ரேக் ரேக்காக எண்ணிக்கொண்டிருப்பேன். எட்டு வருடத்தில் இரண்டு சிரசுதான் பார்த்திருக்கிறேன்.

அந்த நேரங்களில் எஸ்.ஆர்.ரங்கநாதனை நினைத்துக்கொள்வேன். சீர்காழியில் பிறந்த கணக்கு ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவருக்குச் சில வாரங்கள்கூட அந்தத் தனிமை தாங்கவில்லை. மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய்க் கேட்டார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தவர் மனம் மாறித் திரும்பினார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகள், 1933இல் அவரே உருவாக்கிய கோலன் பகுப்பு முறை. அதில் மொழிகளுக்கான எண்களில் தமிழுக்கு 31. இந்தத் தொழிலின் தந்தை என்று நாம் கும்பிடுகிறவரே தொழிலைக் கண்டடைந்தது கடல் தாண்டிப் போன பிறகுதான்.

அதனால் அந்தத் தங்கையிடம் தூரத்தைப் பார்க்காதே என்றேன். நேர்முகத் தேர்வுக்குப் போய் உட்கார்ந்ததும் நூலகத்தைச் சுற்றிப் பார்க்கணும்னு கேள். காட்டத் தயங்கினால் அங்கேயே உனக்குப் பதில் கிடைத்துவிட்டது. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்த மென்பொருள், புத்தகம் வாங்குவதில் நூலகருக்குப் பேச்சு உண்டா, சம்பளம் வங்கியில் வருமா என்று கேள். தேதி அச்சுக் குத்தும் தாளைப் புத்தகத்துக்குள் திறந்து பார், புத்தகத்தைக் கடைசியாக எப்போது ஒருவர் எடுத்தார் என்று அதுவே சொல்லும். அசல் சான்றிதழைக் காட்டு, கொடுக்காதே. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுக்கு விடுப்பு தருவார்களா என்பதையும் சேரும் முன்பே பேசிவிடு. நெட் இல்லாமல் உதவி நூலகர் தகுதிக்குப் போராட வேண்டியிருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு அவள் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. "நம்ம ஊர்லயே லைப்ரரி இருக்குதே அக்கா, அங்க ஏன் ஆள் எடுக்க மாட்றாங்க?"

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். வரியில் ரூபாய்க்கு 10 காசு. 1948இல் ரங்கநாதனும் அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரும் முயன்று கொண்டுவந்த சட்டம் அது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். என் அப்பா தறி ஓட்டிச் சம்பாதித்த காசிலும் அந்தப் பங்கு போயிருக்கிறது. அந்தக் காசு நூலகத்துக்கென்றே வசூலானது. அப்படியிருக்க, நம் பக்கத்தில் ஒரே நூலகர் இரண்டு நூலகங்களின் சாவியை வைத்துக்கொண்டு, காலையில் ஒன்றையும் மாலையில் ஒன்றையும் திறப்பதை நானே பார்த்திருக்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. நூலகப் பணி அறிவிப்பு வருடா வருடம் வருவதில்லை. படித்த பிள்ளை வயது வரம்பை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்துத் தெரு நூலகம் அரை நாள் பூட்டிக் கிடக்கிறது. இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. விரும்பி வெளியூர் போவது வேறு, வேறு வழியில்லாமல் போவது வேறு. வரி கட்டுகிற ஒவ்வொருவரும் தங்கள் நூலகம் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, அதற்குத் தனி நூலகர் உண்டா என்று மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேட்கலாம். நான் இந்த மாதம் எழுதுகிறேன்.

அவள் ஞாயிற்றுக்கிழமை இரவு கிளம்புகிறாள். நகல்களில் சான்றொப்பம் வாங்கியாகிவிட்டது. வீட்டில் அம்மாவும் ஒருவழியாகச் சரி என்றுவிட்டார்களாம். திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் வேலை பார்க்கும் நூலகத் தோழமைகள் யாராவது, நம்பிக்கையான பெண்கள் விடுதி தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் மட்டும் யாராவது அவளோடு சாப்பிடப் போனால் போதும்.