ஸ்கைரிம் கதை ஆப்லிவியனுக்கு முந்தையது இல்லை

பெங்களூருவில் தமிழ் கேமர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் வீடியோ கேம் தொடரில் ஆப்லிவியன் விளையாட்டின் கதை நடப்பது 433இல், ஸ்கைரிம் விளையாட்டின் கதை நடப்பது 201இல். ஆகவே ஸ்கைரிமில், ஆப்லிவியன் கதையில் வரும் பெரும் நெருக்கடியைப் பழைய வரலாறாகப் பேசுவது கதாசிரியர்களின் பிழை என்கிறது அது. இது தவறு.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் உலகத்தில் ஆண்டோடு யுகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குரோதி ஆண்டு என்றால் 1964ஆ, 2024ஆ என்று நாம் கேட்போமே, அதுபோலத்தான். 433 என்பது மூன்றாம் யுகம். அந்த நெருக்கடியின் முடிவில் பேரரசை ஆண்ட செப்டிம் வம்சத்தின் கடைசி வாரிசு மார்ட்டின் செப்டிம் இறக்க, அந்த வம்சமே அற்றுப்போகிறது. அதோடு மூன்றாம் யுகம் முடிந்து, நான்காம் யுகம் மறுபடி ஆண்டு 1 முதல் தொடங்குகிறது. ஸ்கைரிமின் 201 அந்த யுகத்து ஆண்டு. அதாவது, சுமார் 200 ஆண்டுகள் பிந்தையது. இதே தொடரில் 2014இல் வெளியான ஆன்லைன் விளையாட்டோ இரண்டாம் யுகம் 582இல் நடப்பது, இவை இரண்டுக்கும் வெகு முந்தையது.

சரி, உண்மையான முரண்பாடு வேண்டுமா? இதே தொடரில் 1996இல் வந்த டாகர்ஃபால் விளையாட்டை எடுங்கள். அதன் பல முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. மூன்றாம் யுகம் 417இல் காலமே உடைந்து எல்லா முடிவுகளும் ஒருசேர நடந்துவிட்டன என்று பின்னால் எழுதிச் சேர்த்தார்கள். எனக்கு அது அழகான தீர்வாகவே படுகிறது. ஆடிய யாருடைய முடிவும் பொய்யாகவில்லை.