ஒலிக்காத ‘கே’ வீணான எழுத்தன்று

‘கே’, ‘என்’ என்னும் இரண்டு எழுத்துகளும் அடுத்தடுத்து வரத் (kn) தொடங்கும் பழைய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்துத் தந்த கட்டுரைக்கு நன்றி. ஆனால் ஒலிக்காத அந்தக் ‘கே’ வெறும் சுமை என்று கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. அது ஒரு காலத்தில் தெளிவாக ஒலிக்கப்பட்ட எழுத்து. காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடத்தைக் கொண்டுவந்தபோதும் மக்கள் அதை உச்சரித்தே பேசினர். அச்சில் எழுத்துமுறை நிலைபெற்ற பிறகே பேச்சிலிருந்து அவ்வொலி மறைந்தது. ஜெர்மன் மொழியில் அது இன்றும் ஒலிக்கிறது.

வீரனைக் குறிக்கும் ‘நைட்’ (knight), கயவனைக் குறிக்கும் ‘நேவ்’ (knave) ஆகிய இரண்டுமே பழைய ஆங்கிலத்தில் சிறுவனைக் குறித்தவை; முன்னது அரசவையில் உயர்ந்தது, பின்னது பணியாளனைச் சுட்டி, பிறகு வசைச்சொல்லாகவே தாழ்ந்தது. ஜெர்மனில் இவற்றின் உறவுச் சொற்களான ‘க்னெஹ்ட்’ பணியாளையும் ‘க்னாபே’ சிறுவனையும் இன்றும் குறிப்பதைக் காணும்போது, ஒலி இழந்த அவ்வெழுத்தே இந்த உறவை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது என்பது விளங்கும். தேவாலயத்தின் சாவு மணியோசையான ‘நெல்’ (knell), சிறு குன்றான ‘நோல்’ (knoll) ஆகியவற்றையும் தொகுப்பில் சேர்க்க வேண்டுகிறேன்.