18 வெற்றி, 3 தோல்வி: லோமச்சென்கோவை இப்படியா எடை போடுவது?

உக்ரைன் குத்துச்சண்டை வீரர் வாசில் லோமச்சென்கோ 2025 ஜூனில் ஓய்வு அறிவித்ததிலிருந்து ஒரே பாட்டு: "அமெச்சூரில் புலி, தொழில்முறைக்கு வந்ததும் மூன்று தோல்வி, அவ்வளவுதான்." இதைச் சொல்பவர்களில் பாதிப் பேர் அந்த மூன்று சண்டைகளைப் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

அமெச்சூரில் 397 சண்டை, ஒரே தோல்வி, இரண்டு ஒலிம்பிக் தங்கம். தெரிந்த கதை, விடுவோம். நான் பேச வந்தது எடையைப் பற்றி. அவருடையது லைட்வெயிட் (135 பவுண்டு எடைப்பிரிவு) உடம்பே இல்லை. 126 பவுண்டில் தொடங்கியவர். 130-இல் இருந்தபோது எதிராளிகள் ரவுண்டு இடைவேளையிலேயே போதும் என்று ஒதுங்கினார்கள், கியூப வீரர் ரிகோண்டோ உட்பட வரிசையாக நான்கு பேர். அங்கேயே இருந்திருந்தால் தோல்விக் கணக்கு ஒன்றோடு நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் 135-க்கு ஏறினார்.

ஏறியதற்கான விலை முதல் சண்டையிலேயே தெரிந்தது. 2018 மே, மேடிசன் ஸ்கொயர் கார்டன், எதிரே ஹோர்ஹே லினாரெஸ். ஆறாவது ரவுண்டில் நேராக வந்த ஒரு வலது கைக் குத்து, லோமச்சென்கோ பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். வலது தோளிலும் காயம், பிறகு அறுவை சிகிச்சை வரை போனது. ஒன்பது ரவுண்டு முடிவில் ஒரு ஜட்ஜ் லினாரெஸ் பக்கம், ஒருவர் லோமா (லோமச்சென்கோதான்) பக்கம், மூன்றாமவருக்குச் சமம். பத்தாவது ரவுண்டில் லோமா தலையைக் குறிவைத்துச் சரமாரியாகக் குத்தினார். காப்பதற்கு லினாரெஸின் கைகள் மேலே போன நொடியில், இடது கை விலாவுக்குக் கீழே கல்லீரல் மேல் இறங்கியது. லினாரெஸ் மண்டியிட்டார், ரெஃப்ரி சண்டையை நிறுத்தினார். வெறும் 12 சண்டையில் மூன்று எடைப்பிரிவில் சாம்பியன்!

சரி, தோல்விகளுக்கு வருவோம். 2014-இல் ஓர்லாண்டோ சலிடோ எடை வரம்பை 2 பவுண்டுக்கு மேல் தாண்டி வந்தார், அவருடைய சாம்பியன் பெல்ட் பறிபோனது, ஆனாலும் சண்டை நடந்தது. இடுப்புக்குக் கீழே விழுந்த குத்துகளை ரெஃப்ரி கண்டுகொள்ளவே இல்லை. லோமாவுக்கு அது தொழில்முறையில் இரண்டாவது சண்டை! 2020-இல் தியோஃபிமோ லோபஸிடம் தோற்றதற்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன். முதல் பாதி முழுக்கக் கையை நீட்டவே யோசித்தார், தோற்றார். (119-109 என்று ஒரு ஜட்ஜ் போட்டதுதான் இன்னும் ஜீரணமாகவில்லை.) 2023-இல் டெவின் ஹேனி, பத்து வயது இளையவர், உயரமும் எடையும் கூட. நான்கு அமைப்புகளின் சாம்பியன் பெல்ட்டும் ஒன்றாகக் களத்தில். இரண்டு ஜட்ஜ்கள் 115-113, ஒருவர் 116-112, மூவருமே ஹேனிக்கு. என் கணக்கில் ஜெயித்தது லோமா. பத்தாவது ரவுண்டை ஒரு ஜட்ஜ் எப்படி ஹேனிக்குக் கொடுத்தார் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

இந்த வாழ்க்கையில் உண்மையான இழப்பு தோல்விப் பட்டியலில் இல்லை. 2022-இல், லோபஸை வீழ்த்தி பெல்ட்களோடு இருந்த ஆஸ்திரேலிய வீரர் கம்போசோஸுடன் அவர் நாட்டில் சண்டை பேச்சில் இருந்தது. ரஷ்யா படையெடுத்தது. லோமா ஊருக்குத் திரும்பி, பிராந்தியப் பாதுகாப்புப் படையில் சேர்ந்தார். அந்த வாய்ப்பு ஹேனிக்குப் போனது, பெல்ட்களும்தான்.

அதே கம்போசோஸை 2024 மேயில் பெர்த்தில் 11-ஆவது ரவுண்டில் முடித்து, அந்த நான்கில் ஒன்றான ஐபிஎஃப் பெல்ட்டை வாங்கினார் லோமா. வயது 36. ஆனால் அதற்குள் நான்கு பெல்ட்டும் ஆளுக்கொரு பக்கம் சிதறியிருந்தன.